மாட்டுக் கொடுங்கோலன் வேண்டாம்: ஒரு கலைச்சொல் விவாதம்

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். படத்தில் வந்த தென் அமெரிக்கப் பறவை எது, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நாம் பேசிக்கொண்டிருப்பதற்கு என் பதில் இது.

அர்ஜென்டினாவில் இருக்கும் நண்பர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கும் மஞ்சள் வாலாட்டி என்றுதான் முதலில் தோன்றியது. மார்கழியில் நாங்குநேரிப் பக்கம் குளத்தங்கரையில் மாடு மேயும்போது காலடியில் ஓடித் திரியுமே, அதே சாம்பல் தலை, அதே மஞ்சள் வயிறு. ஆனால் தென் அமெரிக்க மேய்ச்சல் வெளியில் நம் வாலாட்டிக்கு இடமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் சிவப்பு, அலகு தடிமன், கால் நீளம், வால் நுனியில் வெளிர்நிறம். அங்கே மஞ்சள் வயிற்றோடு இன்னொன்றும் உண்டு, வெப்பமண்டல கிங்பேர்ட். அதற்குக் கால் குட்டை, வால் நுனி பிளவுபட்டிருக்கும், கம்பியில் உட்கார்ந்து காத்திருக்கும். இது தரையில் ஓடி இரை பிடிக்கிற பறவை. ஆகவே இது ஆங்கிலத்தில் கேட்டில் டைரன்ட் என்று சொல்லும் பறவை, அறிவியல் பெயர் மகெட்டோர்னிஸ் ரிக்சோசா. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெயருக்குத்தான் இந்த மடல். ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து அக்கா முன்வைத்த 'மாட்டுக் கொடுங்கோலன்' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கிறவர் மாட்டைத் துன்புறுத்தும் பறவை என்றே நினைப்பார். டைரன்ட், அதாவது கொடுங்கோலன், என்பது இந்தக் குருவியின் குணத்தைப் பார்த்து வைத்ததில்லை. கூட்டுப் பக்கம் வரும் பருந்தையும் விரட்டியடிக்கும் கிங்பேர்டுக்கு வந்த பெயர், 400-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. அறிவியல் பெயரிலும் 'சண்டைக்காரப் பறவை' என்ற பொருள் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் இதைப் புல்வெளியில் பார்க்கிறவர் கண்ணில் படுவது சண்டை இல்லை. கால்நடையின் குளம்பு பட்டுக் கிளம்பும் பூச்சியை ஓடிப் பிடிப்பது, நடுநடுவே முதுகில் ஏறிக்கொள்வது, இவைதான்.

'மாட்டு வலியன்' என்று அண்ணாச்சி சொன்னது அழகான சொல். வலியன் கரிச்சானின் பழைய பெயர் என்பதால்தான் தயங்குகிறேன். கரிச்சானே நம் ஊரில் மாட்டு முதுகில் சவாரி செய்து பூச்சி பிடிக்கிற பறவை! மாட்டு வலியன் என்றால் எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள்.

'மாடு' என்ற சொல்லே வேண்டுமா என்றும் கேட்கிறேன். தென் அமெரிக்காவுக்கு மாடும் குதிரையும் போய்ச் சேர்ந்தது 16-ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியரின் கப்பலில். குருவி அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது. இன்றும் அது கேப்பிபாரா என்ற பெரிய கொறித்துண்ணியின் முதுகிலும் ஏறுகிறது. போன வாரம் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கரிச்சானைப் பற்றிக் கேட்டேன். "மாடுன்னு இல்ல, ஆடு போனாலும் பின்னால போவும். புல்லு அசைஞ்சாப் போதும் அதுக்கு" என்றார். அந்தக் குருவிக்கும் இது பொருந்தும்.

அதனால் நான் முன்வைப்பது 'மந்தை ஈப்பிடிப்பான்'. மந்தை என்றால் கால்நடைக் கூட்டம், அவை கூடும் ஊர்ப்பொது வெளியும் மந்தைதான். விலங்கும் நிலமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'கிடை' என்றும் யோசித்தேன். ஆனால் கிடை இரவில் அடைப்பது, குருவியோ பகலில் மேய்ச்சலோடு போவது.

*

தம்பி, மந்தை எனக்குச் சம்மதம். வலியனை விட்டுவிடுகிறேன், மனசில்லாமல்தான். பிரேசிலில் இதன் பெயரில் குதிரைவீரன் என்ற சொல் இருக்கிறதே, 'சவாரி ஈப்பிடிப்பான்' என்று வைத்தால் என்ன? அப்புறம், ஈப்பிடிப்பான் என்றால் நம் ஊர் ஈப்பிடிப்பான்களோடு ஒரே குடும்பம் என்று பிள்ளைகள் நினைக்க மாட்டார்களா?

*

அண்ணாச்சி, சவாரி கண்ணுக்குப் பிடித்த காட்சிதான். ஆனால் பெரும்பாலான நேரம் அது தரையில்தான் ஓடுகிறது. அபூர்வமாகச் செய்வதைப் பெயரில் வைத்தால் உண்ணிக்கொக்குக்கு நேர்ந்ததுதான் நேரும். அது தின்பதில் பெரும்பகுதி வெட்டுக்கிளி, பெயரோ உண்ணியைச் சொல்கிறது.

குடும்பம் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் தமிழில் ஈப்பிடிப்பான் தொழிலைச் சொல்கிற பெயராகவே இருந்து வருகிறது. அரசவால் ஈப்பிடிப்பானும் மற்ற ஈப்பிடிப்பான்களும் வேறு வேறு குடும்பங்கள்தானே, அங்கே யாரும் குழம்பவில்லை. குடும்பத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அமெரிக்க ஈப்பிடிப்பான் குடும்பம்' என்று எழுதலாம், அவை அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. வலியனை அடியோடு விட வேண்டாம். பருந்தை விரட்டும் கிங்பேர்டுக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது முதலில் அதையே எடுத்துப் பேசுவோம்.