பிரவுன் பெஸ் வடிவில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: மரக்கட்டை குறித்து ஆலோசனை தேவை

நண்பர்களே, பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் மஸ்கட்டின் (குழல்முனை வழியே மருந்து நிரப்பும் பழைய நீள்துப்பாக்கி) சாயலில், இலக்குப் பயிற்சிக்கான, கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நவீன போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை உருவாக்க விரும்புகிறேன். குழலும் இயங்கு பாகங்களும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லரின் பொறுப்பு. மரவேலை மட்டும் என்னுடையது.

பிரவுன் பெஸ் வகைகளில் 39 அங்குலக் குழல் கொண்ட இந்தியா பேட்டர்ன்தான் மாதிரி. 46 அங்குல லாங் லேண்ட் பேட்டர்ன் இன்னும் கம்பீரமானது, ஆனால் என் தோள் அதற்குச் சம்மதிக்காது.

சிக்கல் இதுதான். மஸ்கட்டில் குழலைத் தாங்கும் மரக்கட்டை ஏறக்குறைய குழல்முனை வரை நீள்கிறது. சிறு ஆணிகள் குழலை அதனோடு பிணைக்கின்றன. நவீன ரைஃபிளிலோ குழல் மரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஈரத்தில் மரம் உப்பிக் குழலை அழுத்தினால், குண்டு படும் இடம் மாறிவிடும். பிரெஞ்சு சார்லவில் மஸ்கட்டைப் போல குழலையும் மரத்தையும் சுற்றி வளையங்கள் மாட்டி, உள்ளே இடைவெளி விடலாம் என்கிறார் கொல்லர். பிரவுன் பெஸ்ஸுக்கு வளையமா? மனம் ஒப்பவில்லை. குழலைத் தொடாத போலி ஆணித்தலைகளை மரத்தில் பதித்தால் போதுமா?

பின்குறி (குறிபார்க்கக் கண்ணருகே அமையும் பாகம்) பற்றியும் சொல்லுங்கள். மூல மஸ்கட்டில் அது கிடையாது; பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) மாட்டும் முளையே முன்குறி. டெலஸ்கோப் வைத்தால் தோற்றம் கெட்டுவிடும். துளை வழியே பார்க்கும் சிறு பின்குறி (துளைக்குறி) பொருத்தினால், கன்னம் பதியும் பகுதியை எவ்வளவு உயர்த்த வேண்டியிருக்கும்? முழுநீள வால்நட் கட்டையின் உட்புறத்திற்கு எண்ணெய்ப் பூச்சு மட்டும் போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவியுங்கள்.