2300-ல் யார் பாட்டு கேட்கும்?

இசைப்பித்தன்:
தியாகராஜர் மறைந்தது 1847-ல். இன்றைக்கும் தை மாதம் அவர் சமாதி இருக்கும் திருவையாற்றில் வித்வான்களும் மாணவர்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுகிறார்கள். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து, நம் காலத்து ஆள் யாருக்கு இப்படிக் கூட்டம் கூடும்? என்னைக் கேட்டால் இளையராஜா ஒருவருக்குத்தான். 1976-ல் அன்னக்கிளி, 2025-ல் லண்டனில் சிம்பொனி. இடையில் அவர் தொடாத இடமே இல்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பழைய ரெக்கார்டு:
தம்பி, பாடி நடித்த தியாகராஜ பாகவதரையும் அப்படித்தான் நினைத்தார்கள். அவருடைய ஹரிதாஸ் படம் 1944-ல் வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. என் அப்பா அவரைப் பார்த்து கிராப் வளர்த்தவர். அந்த 78 ஆர்.பி.எம். தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. முள்ளை வைத்ததும் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து அந்தக் குரல் எழும்பி வரும். வாய்ப்பாட்டு கற்கிற என் பேத்திக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அதே படத்துக்குப் பாட்டு எழுதிய பாபநாசம் சிவனைத் தெரிகிறது, ஏனென்றால் அவருடைய கீர்த்தனை ஒன்று அவளுக்குப் பாடம் ஆகியிருக்கிறது. எண்பது வருஷத்துக்கே இந்த நிலைமை. சினிமாப் பாட்டை யார் பாடம் பண்ணி வைக்கப் போகிறார்கள்?

கீபோர்டு செல்வம்:
அண்ணே, குரல் வேற, இசையமைப்பு வேற. பாடினவர் போனா குரல் போயிடும். ராஜா சார் பாட்டு யார் வாசிச்சாலும் நிக்குது. இருபத்திரண்டு வருஷமா மெல்லிசைக் குழுவுல வாசிக்கிறேன். 'இளைய நிலா'வுக்கு கிடார் ஆரம்பிச்சதும், பாடகர் மைக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே கூட்டம் கத்தும். பல்லவி மட்டுமில்ல, இடையிசையில வர்ற புல்லாங்குழலையும் ஜனங்க வாயாலயே பாடுவாங்க. பேஸ் கிடாரைத் தனியா எடுத்துக் கேட்டா அதுவே ஒரு மெட்டு. இதையெல்லாம் அவர் கைப்பட நொட்டேஷனா எழுதுறார். எழுத்துல இருக்கறது அழியாது. 1904-ல சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்துல 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சுல கொண்டுவந்ததாலதானே முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் ஸ்வரத்தோட நம்ம கைக்கு வந்துச்சு?

நாயனக்காரர் மகன்:
எழுத்து மட்டும் போதாது செல்வம். திருப்பதி வேங்கடவனைத் தெலுங்கில் பாடிய அன்னமய்யாவின் பாட்டுகளைச் செப்பேட்டிலேயே வெட்டி வைத்தார்கள். திருமலைக் கோயிலுக்குள் ஒரு சின்ன அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, போன நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. சொல் இருந்தது, ராகத்தின் பேர் இருந்தது, மெட்டு இல்லை. இன்று நாம் உருகிக் கேட்பது பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் போட்ட மெட்டு. பாடுகிற வாய் அறுந்துபோனால் செப்பேடும் ஊமைதான். தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று ஊருக்கு ஊர் சீடர்கள் வரிசையே இருந்தது. ராஜாவுக்கு ரசிகர்கள் கோடி. அவர் எழுதியதை எழுதியபடி கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

என் கணிப்பு வேறு. ஒரு சடங்கோடு ஒட்டிக்கொண்ட பாட்டுதான் நிற்கும். பெண்ணை மணமேடைக்கு அழைத்து வரும்போது என் அப்பா நாயனத்தில் 'வாராயென் தோழி வாராயோ' எடுப்பார். பாசமலர் 1961-ல் வந்தது. அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைகள்கூட அந்த இடத்தில் அதைத்தான் கேட்கிறார்கள். ஊர்க் கோயில் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'யும் அப்படித்தான். இவை இருக்கும். போட்டவர் பேர் இருக்குமா என்றால், இருக்காது.

ரோஜா92:
ரஹ்மானை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். அவர் பாட்டை ஹார்மோனியத்தில் வாசித்தால் பாதிதான் வரும், ஏனென்றால் அந்த ஒலிப்பதிவேதான் படைப்பு. அதற்குச் சீடர் வேண்டாம், தாள் வேண்டாம்.

பழைய ரெக்கார்டு:
ஒலிப்பதிவுக்கு அதை ஓட்டுகிற கருவி வேண்டும் தம்பி. என் வீட்டில் இரண்டு பெட்டி நிறைய கேசட் இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை.

இசைப்பித்தன்:
நாயனக்காரர் மகன் சொன்னதில் பேர் போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் யோசிக்க வைத்துவிட்டீர்கள். தியாகராஜர் ஒவ்வொரு கீர்த்தனையிலும் தன் முத்திரையை வைத்தார். பாட்டைப் பாடினால் பேரையும் பாடியே ஆக வேண்டும். சினிமாப் பாட்டில் அந்த வசதி இல்லை. எம்.ஜி.ஆர். பாட்டு, மோகன் பாட்டு என்று நடித்தவர் பேரைத்தானே நாமே சொல்கிறோம்? இது பெரிய அநியாயம். தியாகராஜரும் தானாக நிற்கவில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த அவர் சமாதிக்கு 1920-களில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலம் அது. அப்படி ஓர் ஆள் ராஜாவுக்கும் வருவார் என்று நம்புகிறேன்.

கீபோர்டு செல்வம்:
வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு ஒன்பது பிள்ளைங்க கீபோர்டு கத்துக்க வருது. இந்த வாரத்துல இருந்து, விரலை வைக்கிறதுக்கு முன்னாடி யார் போட்ட மெட்டு, எந்த வருஷம்னு நோட்டுல முதல் வரியா எழுதச் சொல்லப் போறேன். இடையிசையையும் ஒரு ஸ்வரம் விடாம எழுத வைப்பேன்.

நாயனக்காரர் மகன்:
நல்லது செல்வம். 'வாராயென் தோழி' வரும்போது விஸ்வநாதன், ராமமூர்த்தி இரண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பேரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.