ஒரே வேனில் சென்றவர்கள்: நோய் ஆதரவுச் சிகிச்சையைச் சேர்ந்து கற்ற அனுபவங்கள்

செவிலியர் கல்லூரி ஆசிரியை:

கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையை வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து கற்கும் கூட்டு வகுப்பு எப்படி நடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எம்.பி.பி.எஸ்., நர்சிங், இயன்முறை (பிசியோதெரபி), மருந்தியல், சமூகப்பணி என ஐந்து துறை மாணவர்களையும் ஒரே வேனில் அழைத்துக்கொண்டு, கன்னப் புற்றுநோயுடன் வீட்டில் இருந்த ஒரு பெரியவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். வாசலிலேயே ஊதுபத்தி மணம். அதையும் மீறிப் புண்ணின் வாடை. மருத்துவ மாணவர் சற்றுத் தள்ளி நின்று, பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று கேட்டார்; பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நர்சிங் மாணவி பேசாமல் கட்டிலருகே உட்கார்ந்து, காய்ந்து ஒட்டியிருந்த துணியை உப்புநீரால் நனைத்து நனைத்து எடுத்தார். பிறகு, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் வாடை குறையும் என்று பெரியவரின் மனைவிக்குச் செய்து காட்டினார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது ஊதுபத்தி எரியவில்லை. பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

அன்று கல்லூரிக்குத் திரும்பியதும், வழக்கம்போல் மருத்துவ மாணவரையே விவரிக்கச் சொன்னேன். "புண்ணுக்கு மருந்திட்டோம்" என்று ஒரே வரியில் முடித்தார். மாணவி நோட்டைப் பார்த்தபடி குனிந்திருந்தார். நானும் ஒரு செவிலியர். அவரை எழுந்து பேசச் சொல்ல எனக்கே தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பயிற்சி மருத்துவர்:

அந்த மருத்துவ மாணவரின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். வலியில் இருந்த ஓர் அம்மாவுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் என்று நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த மருந்தியல் மாணவி, "மலமிளக்கி எழுதவில்லையே?" என்று கேட்டார். முதலில் வலி அடங்கட்டும் என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். மார்ஃபின் தரும் குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது என்பதை நானும் படித்துத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் போனபோது அந்த அம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விழுங்காமல் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளைக் காட்டினார். "வலியைக் கூடப் பொறுத்துக்கலாம் தம்பி, இதைப் பொறுக்க முடியல" என்றார்.

இயன்முறை மருத்துவர்:

முதலில் எழுதிய ஆசிரியையோடு எனக்கு உடன்பாடில்லை. யாரை எழுந்து பேசச் சொல்கிறோம் என்பது சிறிய விஷயம். மதிப்பெண் யாருக்குப் போகிறது என்பதே பெரிது. ஐந்து துறைக்கும் தனித்தனித் தேர்வு வைத்துவிட்டு, ஒரு நாள் மட்டும் ஒரே வேனில் ஏற்றினால் அது சுற்றுலாவே தவிரக் கூட்டுக் கல்வி ஆகாது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டிலேயே வகுத்துச் சொல்லியிருக்கிறது. 1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப்பணியாளர், அதன் பிறகே மருத்துவர். உடல்வலியோடு மனம், குடும்பம், நம்பிக்கை ஆகியவற்றின் வேதனையையும் சேர்த்து முழுவலி என்று அவரால் பார்க்க முடிந்ததற்கு அந்த மூன்று வேலைகளும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். நம் மாணவர்களுக்கு மூன்று பிறவி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் கற்க வேண்டும்.

ஆகவே, ஒரு நோயாளிக்கு ஐந்து பேரும் சேர்ந்து ஒரே திட்டம் எழுதி, ஒரே மதிப்பெண் பெறட்டும். விவரிக்கும்போது மருத்துவ மாணவர் கடைசியாகப் பேசட்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வருபவர்களில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். என் அனுபவம் சிறியது: படுத்த படுக்கையாக இருந்த பாட்டி திண்ணையில் உட்கார ஆசைப்பட்டார். மருத்துவ மாணவர் ஒருபுறமும் நான் ஒருபுறமும் தாங்கிச் சென்று உட்காரவைத்தோம்.

சமூகப்பணி மாணவி:

மதிப்பெண்ணை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் பார்த்த ஐயாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். "அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார், சொல்லிடாதம்மா" என்று சமையலறையில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் கொல்லைப்புறத்தில் ஐயாவை நடக்கவைத்துக்கொண்டிருந்த இயன்முறை மாணவரிடம், "எனக்கு எல்லாம் தெரியும், எனக்குத் தெரியும்னு அவகிட்ட காட்டிக்காதே" என்று அவர் சொல்லியிருக்கிறார். இரகசியம் காப்பதாக இருவருமே வாக்குக் கொடுத்துவிட்டோம். மூன்று வாரம் அப்படியே போனது.

நான்காம் வாரம், திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் வேன் நின்றிருந்தபோது, ஐயா தன் மனைவிக்கு வங்கியில் பணம் எடுக்கத் தெரியாதே என்று கவலைப்பட்டதாக அந்த இயன்முறை மாணவர் தற்செயலாகச் சொன்னார். அப்போதுதான் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. அடுத்த வியாழக்கிழமை என்ன பேசுவது, முதலில் யாரிடம் பேசுவது என்று நாங்கள் எழுதிவைத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. புதன்கிழமை இரவே ஐயா இறந்துவிட்டார்.