யானை இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது: திரும்பக் கொண்டுவர வேண்டுமா, வேண்டாமா?

வேங்கைமரம்

முப்பது ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து யானை பார்த்த அதே உயிரியல் பூங்காவுக்குப் போன வாரம் என் மகளை அழைத்துச் சென்றேன். யானை இல்லை. எப்போதோ வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அகழி தூர்ந்து புல் மண்டிக் கிடக்கிறது. பின்சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பட்டை மெருகேறிப் பளபளக்கிறது. ஆண்டுக்கணக்கில் யானை முதுகை உரசிய இடம். மகள் அதைச் சுட்டிக்காட்டி, "இவ்வளவு உயரமா அப்பா?" என்று கேட்டாள். திரையில் எத்தனையோ யானை பார்த்தவள் அவள். அந்தச் சுவரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அளவு புரிந்தது.

லண்டன் உயிரியல் பூங்கா 2001இல் யானைகளை அனுப்பியது. டெட்ராய்ட் 2005இல், டொரான்டோ 2013இல். சிங்கப்பூரின் கடைசிப் பனிக்கரடி 2018இல் இறந்தது. இனி வேண்டாம் என்று அங்கே முன்பே முடிவெடுத்திருந்தார்கள். பெரிய உயிர்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. இடம் போதவில்லை என்றால் இடத்தைப் பெரிதாக்குங்கள். புல்லைப் பிடுங்கும் சத்தத்தையும் காது விசிறும் காற்றையும் அந்த வாசனையையும் அறியாத ஒரு தலைமுறை, காட்டு யானைக்காக எதற்குக் குரல் கொடுக்கும்? திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கட்சி.

கருவிளை

நண்பரே, உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் சிங்கப்பூர்ப் பனிக்கரடியை நீங்களே சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள், அதன் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இனுகா 1990 டிசம்பரில் அங்கேயே பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 2004இல் அதுவும் அதன் தாய் ஷீபாவும் பச்சை நிறமாகிவிட்டன. பனிக்கரடியின் முடி குழல்போல் உள்ளீடற்றது. ஈரமும் வெப்பமும் சேர, அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார்கள். பாசியால் உடலுக்குக் கேடில்லை என்றார்கள், சரி. ஆனால் உறைபனிக்காகவே அமைந்த முடிக்குள் பாசி முளைக்கும் அளவுக்கு ஓர் உயிரை இடம் மாற்றி வைத்திருந்தோம். 27 வயதில் மூட்டுவலி முற்றி, நடக்கவும் தள்ளாடிய நிலையில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

"இடத்தைப் பெரிதாக்குங்கள்" என்கிறீர்கள். எவ்வளவு? 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். வழக்கமான பூங்கா அடைப்பு, காட்டில் பனிக்கரடி உலவும் மிகச் சிறிய எல்லையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நூறு மடங்கு பெரிதாக்கினாலும் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

தும்பி

எல்லாவற்றையும் பரப்பளவால் அளந்தால் எந்த விலங்கையும் எங்கும் வைக்க முடியாது. பூங்காக்கள் இல்லையென்றால் அரேபிய ஓரிக்ஸ் மான் இன்று இல்லை. 1960களில் பிடித்துவந்த சிலவற்றையும் சேகரிப்புகளில் இருந்தவற்றையும் கொண்டு அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் ஒரு மந்தையை உருவாக்கினார்கள். 1972இல் காட்டிலிருந்த கடைசி மந்தையும் வேட்டையில் அழிந்தது. பத்தே ஆண்டுகளில், 1982இல், ஓமன் பாலைவனத்தில் மீண்டும் அவிழ்த்துவிட்டார்கள். கலிஃபோர்னியா காண்டர் கழுகு 1987இல் உலகம் முழுக்க 27தான், எல்லாமே கூண்டில். இன்று அவை வானத்தில் பறக்கின்றன. அன்றைக்குக் "கூண்டு பாவம்" என்று கைகழுவியிருந்தால்?

கருவிளை

தும்பி சொன்ன இரண்டும் உண்மை. இரண்டையும் நானும் மதிக்கிறேன். ஆனால் இவ்விரண்டும் அடைப்பில் பெருகின, பெருகியவை காட்டுக்குப் போயின. நம் தலைப்பு யானை, பனிக்கரடி. வேடிக்கை பார்க்க வைத்திருந்த யானைகளில் எத்தனை காட்டுக்குத் திரும்பின? இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும் உயிர் அது. அந்தக் கன்றும் தாய், பாட்டி, சித்திகள் நடுவே வளர வேண்டியது. ஓரிக்ஸின் வெற்றியைக் காட்டி யானைக்கு அனுமதி கேட்காதீர்கள்.

மருதம்

கால்நடை மருத்துவம் படித்தவன். இரு தரப்புக்கும் ஒரு சேதி.

2008இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டு. கென்யாவின் அம்போசெலி வனவெளியில் இயற்கையாக இறந்தவற்றுக்கு 56. பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில், மனிதர் கொன்றவற்றையும் சேர்த்தால் அம்போசெலிக் கணக்கு 35.9 ஆகக் குறைகிறது. பூங்காக்களில் வளர்ந்த ஆப்பிரிக்க யானைகளின் நிலை காலப்போக்கில் மேம்பட்டதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆசிய யானை விஷயத்தில் அந்த ஆறுதலும் இல்லை. பூங்காவில் பிறந்தவற்றுக்கு 18.9, பர்மாவில் மரம் இழுத்த யானைகளுக்கு 41.7. பாரம் இழுத்தவை இரண்டு மடங்குக்கு மேல் வாழ்ந்திருக்கின்றன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் பல. என் கண்ணுக்கு முதலில் படுவது பாதம். யானையின் உள்ளங்கால் மெத்தைபோல் அழுந்தி விரியும். மண்ணிலும் சேற்றிலும் தினமும் பல கிலோமீட்டர் நடந்தால் அது தானாகத் தேயும், நகமும் தேயும். காங்கிரீட்டில் நின்றபடியே இருந்தால் நகம் கோணலாக வளர்ந்து வெடிக்கும், வெடிப்பில் சீழ் பிடிக்கும், சீழ் எலும்புக்குப் போகும். அதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இருக்காது.

ஆனால் தும்பியின் பக்கமும் ஒன்று உண்டு. கன்றுகளை ஒரே நாளில் சாய்த்துவிடும் யானை ஹெர்பிஸ் வைரஸுக்கு 2024இல் ஹூஸ்டன் பூங்காவில்தான் முதல் எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டார்கள். காட்டுக் கன்றுகளையும் கொல்கிற நோய் அது. தினமும் ரத்தம் எடுக்க ஒத்துழைக்கும் யானை காட்டில் கிடைக்காது.

தும்பி

இதைத்தான் சொல்லவந்தேன் மருதம். நன்றி.

வேங்கைமரம்

மருதம் சொன்ன பாதம் பற்றிய செய்தி எனக்குப் புதிது. மறுக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: மண்தரை, குளம், கூட்டமாகச் சேர்ந்து வாழ வசதி என்று எல்லாம் செய்து கொடுத்தால்? லண்டன் யானைகளே தெருவுக்கா போயின? லண்டனுக்கு வெளியே விப்ஸ்னேட் பூங்காவின் விரிந்த வெளிக்குத்தானே போயின. நான் பழைய கொட்டடியைக் கேட்கவில்லை. நான் பார்த்த யானை அந்தச் சுவரில் ஆனந்தமாக முதுகு தேய்த்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அது துன்பப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய காவலாளி

தம்பி, இந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன். வேறொரு பூங்காவில் யானைப் பிரிவில் பத்தொன்பது வருடம் காப்பாளனாக இருந்தவன்.

சுவரின் மெருகைப் பார்த்தீர்கள். கீழே தரையைப் பார்த்தீர்களா? அடுத்த முறை போனால் பாருங்கள், இன்னும் உடைக்காமல் இருந்தால். என் பொறுப்பில் இருந்த பெண் யானை நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில் இரண்டு குழிகள் இருந்தன. முன்னங்கால் வைக்கிற இடம். இடது காலில் பாரம், வலது காலில் பாரம், மறுபடி இடது. தலையும் கூடவே போய்வரும். மழை பெய்தால் அந்தக் குழிகளில் தண்ணீர் தேங்கும். அவள் அந்தத் தண்ணீரிலும் அப்படியே ஆடிக்கொண்டு நிற்பாள். "யானை நடனமாடுகிறது" என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். அவள் எதிரே ஒரு வாயில். அதன் வழியாகத்தான் சாப்பாடு வரும், இரவு உள்ளே போவாள். நாள் முழுக்க அதைப் பார்த்தபடி ஆடுவதுதான் அவளுக்கு இருந்த ஒரே வேலை.

முதுகு தேய்ப்பது சுகத்துக்குத்தான், அதில் நீங்கள் சொன்னது சரி. தலை ஆட்டியது சுகத்துக்கு இல்லை.

அவளோடு இருந்த துணை இறந்த பிறகு அவள் தனி. இஸ்லாமாபாத் யானை காவனின் செய்தியை 2020இல் படித்தபோது அவள் நினைவுதான் வந்தது. இலங்கையிலிருந்து கன்றாக வந்து, 2012இல் துணையை இழந்து, எட்டு வருடம் தனியாக நின்று, நீதிமன்றம் சொன்ன பிறகு கம்போடியாவுக்கு விமானத்தில் போனது. அங்கே வேறொரு யானை தும்பிக்கையை நீட்டித் தொடும் படம் வந்தது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பிரிந்ததில் என்னைவிட அதிகம் இழந்தவர் யாரும் இருக்க முடியாது. அவள் போன லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பக் கொண்டுவா என்று மட்டும் கேட்க மாட்டேன்.

தும்பி

ஐயா, உங்கள் வார்த்தைக்கு முன் புள்ளிவிவரம் பேச எனக்கு மனமில்லை. கூட்டமாக, மண்ணில், ஆய்வுக்காக வைத்திருக்கும் சில இடங்கள் இருக்கட்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஊருக்கு ஒரு யானை வேண்டும் என்பதை இனி நான் ஆதரிக்க மாட்டேன்.

வேங்கைமரம்

ஐயா, நேற்று இரவு இதைப் படித்துவிட்டு இன்று காலை மீண்டும் போனேன். மகளை அழைத்துச் செல்லவில்லை. காவலரிடம் கேட்டு அகழிக்கு அருகில் போய்ப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே தரை தெரிகிறது. குழிகள் இருக்கின்றன. இரண்டு. சுவரில் மெருகேறிய இடத்திலிருந்து நாலடி தள்ளி, கதவைப் பார்த்தாற்போல்.

என் ஏக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இடித்துவிட்டு அங்கே உணவகம் கட்டப்போவதாகக் காவலர் சொன்னார். சுவரையும் தரையையும் விட்டுவைக்க வேண்டும், அந்த யானையின் பெயரையும் அது எங்கே போனது என்பதையும் பலகையில் எழுத வேண்டும் என்று நிர்வாகத்துக்கு மனு எழுதுகிறேன். குழிகள் எப்படி வந்தன என்பதை எழுத வார்த்தை வரவில்லை. ஐயா, அந்தப் பத்தியை நீங்கள் எழுதித் தருவீர்களா?

பழைய காவலாளி

எழுதித் தருகிறேன் தம்பி. மனுவில் என் கையெழுத்தையும் சேருங்கள்.

கருவிளை

என்னுடையதையும்.