ரோஜா பூத்தால் போகிறேன் என்று கேட்டேன். மொட்டு வந்தது, பூக்கவில்லை

கேள்வி:
வேறு ஊரில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது. கைத்தடி இல்லாமல் இன்னும் நடப்பதில்லை. மூன்று வாரமாக ஜெபித்தும் மனதில் தெளிவில்லை. மாடியில் ஒரு வருடமாகப் பூக்காத ரோஜாச் செடி ஒன்று இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமைக்குள் இது பூத்தால் போகிறேன், ஆண்டவரே" என்று கேட்டேன். வியாழனன்று நிஜமாகவே ஒரு மொட்டு வந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால், மொட்டு காம்போடு பழுத்து மண்ணில் கிடந்தது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? போ என்றா, போகாதே என்றா? இப்படிக் கேட்டதே தவறா?

பதில் 1:
"உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." மத்தேயு 4:7. இயேசுவே சொன்னது. இதற்கு மேல் என்ன வேண்டும், சகோதரி?

பதில் 2:
அந்த வசனத்தை இங்கே வைப்பது சரியில்லை. ஏசாயா 7-ல் "ஒரு அடையாளத்தைக் கேள்" என்று கர்த்தரே யூதாவின் ராஜா ஆகாஸிடம் சொல்கிறார். அவன் "நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்" என்று மறுத்தான். அதற்குக் கண்டிக்கப்பட்டான். கேட்டதற்காக அல்ல.

சகோதரி, நானும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தவன். பதில் வராத நாளில் நிபந்தனையைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கேட்பேன். நியாயாதிபதிகள் 6-ல் வரும் கிதியோனும் அதைத்தான் செய்தான். இரவில் களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் நனைந்து, தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டான். முதல் நாள் ஆட்டுத்தோல் நனைந்திருந்தது, பிழிந்தால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். அது போதவில்லை. "கோபம் கொள்ளாதிரும், இன்னும் ஒரே ஒரு தரம்" என்று, இந்த முறை தோல் காய்ந்திருக்க வேண்டும், தரை நனைந்திருக்க வேண்டும் என்றான். இத்தனைக்கும் மீதியானியரோடு போரிட "போ" என்ற வார்த்தை அவனுக்கு முன்பே வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாமல் இல்லை, பயம். கர்த்தர் அவன்மேல் கோபப்படவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். உங்கள் மேலும் கோபப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஆதியாகமம் 24-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எஜமானின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் வானத்தில் இல்லை. தனக்குத் தண்ணீர் தருவதோடு ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்லும் பெண் யார் என்றுதான் கேட்டான். பத்து ஒட்டகம்! தாகமான ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். குடத்தில் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். எப்படிப்பட்ட பெண் வேண்டுமோ, அந்தக் குணத்தையே அடையாளமாகக் கேட்டிருக்கிறான். ரோஜாவுக்கும் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. அதனால்தான் மொட்டு உதிர்ந்ததும் குழம்பிப் போனீர்கள்.

அப்புறம், அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதி. அத்தனை தெளிவாக அடையாளம் நடந்த பிறகும், "பெண்ணை அழைத்து, அவளையே கேட்போம்" என்கிறார்கள் பெண் வீட்டார். அந்தப் பெண் ரெபெக்காள் "போகிறேன்" என்று சொன்ன பிறகுதான் அனுப்பிவைத்தார்கள். நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா?

பதில் 3:
எங்கள் வீட்டு ரோஜாவிலும் மொட்டு இப்படி உதிரும். வேரில் தண்ணீர் தேங்கினால் அப்படி ஆகும். அதை வைத்து மனதை வருத்திக்கொள்ளாதீர்கள் அக்கா.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்கவே இல்லை. கேட்டால் "போ" என்றுதான் சொல்வார், வலியை மறைத்துக்கொண்டு சொல்வார் என்று பயம். நேற்று ராத்திரி கால் அமுக்கிவிடும்போது சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இந்த மூன்று வாரத்தில் என்னிடம் நானே அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சேரும் தேதிக்கு இன்னும் பத்து நாள் அவகாசம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.