பள்ளியில் ஒரு நாள் போதை விழிப்புணர்வுக் கூட்டம் போதுமா? வேறு என்ன செய்யலாம்?

எட்டாம்வகுப்பு டீச்சர் (கேள்வி)

வணக்கம். எட்டு, ஒன்பது வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாளை ஒட்டி எங்கள் பள்ளியில் உறுதிமொழி, ஓவியப் போட்டி, வெளியிலிருந்து ஒருவர் வந்து கெட்டுப்போன நுரையீரல் படத்தைக் காட்டிப் பேசுவது, இவ்வளவுதான் நடக்கும். மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த வருடம் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சில பிள்ளைகளின் பையில் வேப் (மின் சிகரெட்) இருப்பதாகக் காதில் விழுகிறது, பெற்றோரைக் கூப்பிட்டால் "எங்க பிள்ளை அப்படி இல்லை டீச்சர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சக ஆசிரியர்கள் சிலர், இதைப் பேசாமல் இருப்பதே நல்லது, நாமே ஆசை காட்டியதாகிவிடும் என்கிறார்கள். உருப்படியாக என்ன செய்யலாம்? பெற்றோரை எப்படி உள்ளே கொண்டுவருவது?

பள்ளி ஆலோசகர்

டீச்சர், முதலில் அந்த நுரையீரல் படத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 'டேர்' என்ற திட்டத்தை 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கினார்கள். சீருடை போட்ட போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து போதையின் கேடுகளைச் சொல்லிக்கொடுப்பார். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பாடம் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிறகு பாடத்தையே மாற்றவேண்டி வந்தது.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதில் வரும் நோய் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. வேப் இழுக்கும் நண்பன் நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பதை அவன் தினமும் பார்க்கிறான், நாம் கூட்டிச் சொன்னதில் ஒன்று பொய்யென்று தெரிந்துவிட்டால் மீதி உண்மையையும் நம்பமாட்டான். அப்புறம் இந்த "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்ற மேடைப் பேச்சு, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை தருவது. தங்கள் வயதில் எத்தனை பேர் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே உண்மையைவிடக் கூடுதலாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அதையே சொன்னால், தொடாமல் இருக்கும் பிள்ளை தான் மட்டும்தான் தனியாக நிற்கிறோமோ என்று நினைக்கும்.

பலன் கிடைப்பது பயிற்சி செய்து பார்ப்பதில். அமெரிக்க உளவியலாளர் கில்பர்ட் பாட்வின் உருவாக்கிய 'லைஃப் ஸ்கில்ஸ் டிரெய்னிங்' (வாழ்க்கைத் திறன் பயிற்சி) மாதிரியான திட்டங்களில் போதையைப் பற்றிய தகவல் ஒரு பகுதிதான். பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது, எப்படி முடிவெடுப்பது, விளம்பரம் எப்படி வளைக்கிறது, நண்பர்கள் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது என்பதையெல்லாம் நடித்துப் பார்ப்பார்கள், அடுத்தடுத்த வருடங்களிலும் தொடர்வார்கள். "ஒரு இழுப்புதானே, பயமா?" என்று நண்பன் கேட்கும் நொடியில் ஒரு பதில் வாயில் வர வேண்டுமென்றால் அதை முன்பே பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பதில்களையும் அவர்களே உருவாக்கட்டும், நாம் எழுதிக்கொடுக்கும் வசனத்தை எந்தப் பிள்ளையும் நண்பனிடம் சொல்லமாட்டான்.

பேசினால் ஆசை வருமா என்றால், எதைப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. விதவிதமான பொருள்களைக் காட்டி இது இப்படிப் போதை தரும் என்று விளக்குவது வேண்டாம்.

மறுவாழ்வு மையத்தில் வேலை செய்பவன்

பெற்றோர் விஷயத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்களிடம் வரும் இளைஞர்களில் பலர் சொல்வது ஒன்றுதான், வீட்டில் அடி கிடைத்தது, திட்டு கிடைத்தது, உட்கார்ந்து பேச ஆள் இல்லை. போதைத் தடுப்பு என்று சொல்லி அழைத்தால் பெற்றோர் வரமாட்டார்கள், தங்கள் பிள்ளையைச் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். "வளரும் பிள்ளையிடம் சண்டையில்லாமல் பேசுவது எப்படி" என்று அழைத்துப் பாருங்கள், அதுதானே உண்மையில் நடக்கப்போவதும். அமெரிக்காவின் அயோவாவில் உருவான குடும்பத் திட்டம் ஒன்று உண்டு, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. வாரம் ஒரு நாள், ஏழு வாரம். முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் தனியாக, பிள்ளைகள் தனியாக. அடுத்த மணி நேரம் எல்லாரும் சேர்ந்து உட்கார்வார்கள். அன்பாக இருப்பதையும் வரம்பு போடுவதையும் பெற்றோர் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். இதில் இரண்டாவது மணி நேரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிள்ளை முன்னால் அப்பா "உன் வயதில் எனக்கும் இது கஷ்டமாக இருந்தது" என்று வாய் திறப்பது பல வீடுகளில் நடந்தே இருக்காது.

பிள்ளை எங்கே போகிறான், யாரோடு, எப்போது வருவான் என்பது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் போனை நோண்டித் தெரிந்துகொள்வதைவிட அவனே வந்து சொல்லும்படி வீடு இருக்க வேண்டும். "எங்கள் வீட்டில் இதற்கு அனுமதி இல்லை" என்பதை நேராக, கோபமில்லாமல் சொல்லிவிடுங்கள், அவனுக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். அப்பா தானே புகைத்துக்கொண்டு, மகனையே கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லும் வீட்டில் எந்தப் பள்ளித் திட்டமும் பாதிதான் போய்ச் சேரும்.

ஒரு தகப்பன்

எல்லாம் சரி, பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதை எந்தப் பீரியடில் செய்வது? பள்ளி வாசலிலேயே விற்கிறவனை விட்டுவிட்டு, பிள்ளைக்கு மட்டும் "வேண்டாம்" சொல்லக் கற்றுக்கொடுப்பது நியாயமா? பள்ளி விட்டதும் போக ஒரு இடமில்லை, விளையாட மைதானமில்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பள்ளி ஆலோசகர்

நீங்கள் கேட்பது ரொம்பச் சரி. ஐஸ்லாந்து செய்ததும் அதுதான். அங்கே 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள், 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-இலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். மாணவர்களிடம் பெயர் கேட்காமல் தொடர்ந்து கணக்கெடுத்து, அந்தந்தப் பள்ளியின் முடிவை அந்தப் பள்ளிப் பெற்றோர் முன்னாலேயே வைத்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசுப் பணம் கொடுத்தார்கள். இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதைப் பெற்றோர் கூடிப் பேசி ஒரே மாதிரி வைத்துக்கொண்டார்கள், அதனால் "அவன் வீட்டில் விடுகிறார்களே" என்ற சண்டையே எழவில்லை. விளம்பரத்துக்குத் தடை, வாங்கும் வயது வரம்பு என்று சட்டமும் கூடவே வந்தது.

நேரம் பற்றி: சிறு வகுப்புகளுக்குத் தனிப் பீரியடே தேவையில்லாத ஒரு முறை உண்டு, 'குட் பிஹேவியர் கேம்'. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக இருக்கும் குழுவைப் பாராட்டுவது, அவ்வளவுதான். போதை என்ற சொல்லே அதில் வராது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதல் வகுப்பில் இதை விளையாடிய பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தபோது, போதைச் சிக்கல் குறைந்திருந்தது, குறிப்பாக ஆண்களிடம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் நல்ல பலன் தந்த 'அன்ப்ளக்டு' என்ற போதைத் தடுப்புப் பாடத்திட்டத்தைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனபோது, அந்தப் பாடம் எடுத்த பிள்ளைகளிடம் மது தொடங்குவது கூடிவிட்டது. அதனால் எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

எட்டாம்வகுப்பு டீச்சர்

ரொம்ப நன்றி. பெயரில்லாத தாளில் கேட்பதையும் பெற்றோர் கூட்டத்தையும் முதலில் தலைமையாசிரியரிடம் கேட்கப்போகிறேன். இன்னும் ஒரு கேள்வி, இன்றைக்கே ஒரு பையன் பிடிபட்டால்? எங்கள் வழக்கம் உடனே இடைநீக்கம்.

மறுவாழ்வு மையத்தில் வேலை செய்பவன்

பொருளை வாங்கி வையுங்கள், ஆனால் எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பினால் நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் இருப்பான், அல்லது ஏற்கெனவே படிப்பை விட்ட நண்பர்களோடு இருப்பான். ஒருமுறை தொட்டுப் பார்த்ததா, தினசரிப் பழக்கமா, எதிலிருந்தாவது தப்பிக்கவா என்று தனியாக, பொறுமையாகக் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, மதிப்பெண், வீட்டுச் சூழல் எல்லாம் அந்தப் பேச்சில் வரட்டும். பெற்றோரிடம் சொல்லும்போது அவனும் கூட இருக்கட்டும், என்ன சொல்லப்போகிறோம் என்பதை அவனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தினமும் மாத்திரையோ மதுவோ எடுப்பவன் என்று தெரிந்தால் "இன்றோடு விட்டுவிடு" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், திடீரென நிறுத்துவது சிலருக்கு வலிப்பு வரை கொண்டுபோகும், மருத்துவரிடம் அனுப்புங்கள். இப்படிப் பிடிபட்டவர்களை மட்டும் ஒன்றாக உட்காரவைத்து வகுப்பு எடுக்கவும் வேண்டாம், ஒருவரிடமிருந்து ஒருவர் இன்னும் கற்றுக்கொள்வார்கள். மறுநாள் அவன் வகுப்புக்கு வரும்போது பழையபடி பெயர் சொல்லிக் கேள்வி கேளுங்கள்.