"ரீட்மியைப் படிங்க"ன்னு சொல்லி மூடினா தப்பா?

தொகுப்பாளன்7

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவியைப் பராமரிக்கிறோம். பைத்தான்ல எழுதினது, டெர்மினல்ல ஓடும். எப்படி இன்ஸ்டால் பண்ணணும்னு ரீட்மிங்கிற அறிமுகப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கோம். போன வாரம் ஒருத்தர் இஷ்யூ, அதாவது ப்ராஜெக்ட் பக்கத்துல ஒரு புகார், போட்டிருந்தார். தலைப்பு "இன்ஸ்டால் ஆகல". உள்ளே "உதவி பண்ணுங்க ப்ளீஸ்"னு ஒரு வரி, கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதுலயும் எரரோட கீழ்ப்பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. எங்க ஆள் ஒருத்தர் "ரீட்மியைப் படிங்க"ன்னு எழுதி, லிங்க் ஒட்டி, பதினோரு நிமிஷத்துல மூடிட்டார். கேட்டவர் அதுக்கப்புறம் வரவே இல்ல.

எனக்கு உறுத்துது. அவர்கிட்ட சொன்னா, "நான் என்ன திட்டினேனா? வழி காட்டினேன். இதுக்கு மேல ஊட்டியா விட முடியும்?"ங்கிறார். ஒத்தை வரிப் பதில் போட்டு இஷ்யூவை மூடக் கூடாதுன்னு விதி கொண்டுவரலாமான்னு யோசிக்கிறேன். உங்க அனுபவத்துல இது சரிப்பட்டு வருமா?

கருந்திரை

தாராளமா விதி போடுங்க. அந்த ஆள் கோவிச்சுக்கிட்டுப் போன பிறகு அவர் வேலையை யார் பார்ப்பாங்கன்னும் பக்கத்துலயே எழுதி வைங்க.

கேட்டவர் திரும்பி வரலைன்னா மனசு நொந்துதான் போனார்னு எப்படி முடிவு பண்ணீங்க? ரீட்மியைப் படிச்சிருக்கலாம், வேலை முடிஞ்சிருக்கலாம். வேலை முடிஞ்சவன் எவன் திரும்பி வந்து நன்றி சொல்லியிருக்கான்?

இருபது வருஷமா இந்த மாதிரி சேனல்கள்ல உட்கார்ந்திருக்கேன். கதவை அகலத் திறந்தா என்ன ஆகும்னு 2020 அக்டோபர்ல எல்லாரும் பார்த்தோம். ஹேக்டோபர்ஃபெஸ்ட்ங்கிற ஓப்பன் சோர்ஸ் விழாவுல நாலு புல் ரிக்வெஸ்ட் (மாத்தம் பண்ணி, சேர்த்துக்கச் சொல்லி அனுப்பறது) போட்டா டி-ஷர்ட்னு சொன்னாங்க. ரீட்மி தலைப்புல ஒரு பாராட்டு வார்த்தையைச் செருகிட்டு "டாக்குமென்டேஷனை மேம்படுத்தியுள்ளேன்"னு ஆயிரக்கணக்குல வந்து குவிஞ்சுது. மாசம் பிறந்து சில நாள்லயே, சம்மதிச்ச ப்ராஜெக்டுகளுக்கு மட்டும்தான்னு விதியை மாத்த வேண்டியதாப் போச்சு. அதுவரைக்கும் குப்பை அள்ளினது யாரு? ப்ராஜெக்டைப் பராமரிக்கிற மெயின்டெய்னர்தான்.

நூலிழை

கருந்திரை சொல்வது குப்பையைப் பற்றி. தொகுப்பாளன் கேட்டது ஒரு பயனரின் கேள்வியைப் பற்றி. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடிக்க வேண்டாம்.

நான் டாக்குமென்டேஷன் எழுதுகிற ஆள். எனக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் நாலு பேரில், அந்த ரீட்மியில் இருக்கிற இன்ஸ்டால் பகுதியை, எதுவும் ஏற்றாத கணினியில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கடைசியாகச் செய்து பார்த்தவர் யார்? எப்போது?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகள் குடியிருக்கும் தளமான கிட்ஹப் 2017இல் 5,500 பேரிடம் ஒரு சர்வே எடுத்தது. டாக்குமென்டேஷன் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பது ஒரு பிரச்சினை என்றவர்கள் 93%. பங்களிப்பவர்களில் 60% பேர் டாக்குமென்டேஷனுக்குப் பங்களிப்பதே அரிது, அல்லது பங்களிப்பதே இல்லை. எல்லோரும் தடுக்கி விழுகிற படியை யாரும் செப்பனிடவில்லை. விழுந்தவனைப் பார்த்து "படியைப் பார்த்து நடக்கக் கூடாதா" என்கிறோம்.

அரைத்தூக்கம்

நானும் கருந்திரை பக்கம்தான், ஆனா காரணம் வேற.

நான் ஒரு லைப்ரரியைத் தனி ஆளாப் பார்த்துக்கிறேன். பகல்ல வேற வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல இது. "வரவேற்கணும், பொறுமையா இருக்கணும்"னு சொல்ற ஒவ்வொரு வரியும் கடைசியில என் தூக்கத்துலதான் கை வைக்குது.

எக்ஸ்-இஸட்ங்கிற, ஃபைலைச் சுருக்கற கருவியோட விவகாரம் ஞாபகம் இருக்கா? 2022ல அதோட மெயின்டெய்னரை, முன்னப்பின்ன தெரியாத சில கணக்குகள் "ஏன் இவ்ளோ மெதுவா இருக்கு, வேற ஆளைப் போடுங்க"ன்னு நச்சரிச்சாங்க. மனநலப் பிரச்சினை இருக்குன்னு அந்த மனுஷன் வெளிப்படையாச் சொன்னதுக்கப்புறமும் விடல. பக்கத்துலயே பணிவா உதவி பண்ணிக்கிட்டிருந்த ஒரு "புதியவர்" கைக்கு அதிகாரம் போச்சு. 2024ல 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் பின்கதவு. எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கிற கணினிக்குள்ள நுழையற வழி) லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு ஒருத்தர் தோண்டிப் பார்த்ததால தப்பிச்சோம். சிரிச்ச முகத்தோட வர்ற எல்லாரையும் உள்ளே விடுன்னு எனக்குச் சொல்லாதீங்க.

நூலிழை

அந்தக் கதை எனக்கும் நடுக்கம் தருவதுதான். ஆனால் அது எனக்குச் சொல்வது வேறு. அந்த மெயின்டெய்னர் பல வருஷம் தனியாக இருந்தார். நம்பகமான நாலு கைகள் முன்பே சேர்ந்திருந்தால் அந்த நெருக்கடி பலித்திருக்காது. அந்தக் கைகள் எங்கிருந்து வரும்? இன்று "இன்ஸ்டால் ஆகல" என்று கேட்கிறவர்களில் இருந்துதான். எல்லோரும் வர மாட்டார்கள், ஒரு சிலர் வருவார்கள்.

கேள்விக்குப் பதில் சொல்வதும் கமிட் அதிகாரம் (கோடை நேரடியாக மாற்றும் உரிமை) கொடுப்பதும் ஒன்றல்லவே. வாசலில் வருகிறவரிடம் முகம் கொடுத்துப் பேசினால் பீரோ சாவியையும் கொடுத்தாக வேண்டுமா?

கருந்திரை

லினக்ஸை உருவாக்கின லினஸ் திட்டித் திட்டித்தான் அதோட கெர்னல் வளர்ந்தது. அதைவிடப் பெரிய ப்ராஜெக்ட் எதைக் காட்டப் போறீங்க?

ஓரத்தில்_ஒருவன்

அதே லினஸ்தான் அண்ணே 2018 செப்டம்பர்ல மன்னிப்புக் கேட்டுட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார். அதே சமயத்துலதான் கெர்னலுக்குப் புது நடத்தை விதியும் வந்துச்சு. அப்புறம், அவர்கிட்ட அதிகம் வாங்கிக் கட்டிக்கிட்டது பழம் தின்னு கொட்டை போட்ட மெயின்டெய்னர்கள்தான். முதல் நாள் வந்தவங்க இல்ல.

நான் இங்கே படிக்கிறதோட சரி, எழுதறதில்ல. ஆனா இந்தத் தலைப்புல நான்தான் "அந்தப் பக்கம்", அதனால சொல்லிடறேன். "ரீட்மியைப் படி"ன்னு சொன்னா எனக்கு வலிக்காது. வலிக்கிறது ரீட்மிக்குள்ள இருக்கிற ஒரு வார்த்தை. "சிம்ப்பிளா இதை ரன் பண்ணுங்க." அது எனக்கு ஓடலைன்னா, இவ்ளோ எளிசான வேலை கூட வரலையே, நாமதான் மக்குன்னு தோணும். அதோட கேள்வியே கேட்க மாட்டேன். டேபை மூடிட்டுப் போயிடுவேன். உங்க இஷ்யூ லிஸ்ட்ல அந்த மாதிரி ஆளுங்க வரவே மாட்டாங்க, எண்ணிக்கையிலயும் சேர மாட்டாங்க.

இன்னொண்ணு. ஒரு ப்ராஜெக்ட்ல "முதல் முறை வருபவர்களுக்கு"ன்னு லேபிள் போட்ட இஷ்யூ ஒண்ணை எடுத்து, ரெண்டு நாள் உட்கார்ந்து கோடு படிச்சேன். மூணாவது நாள் பார்த்தா, அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒரு சீனியர் அரை மணி நேரத்துல முடிச்சு மெர்ஜ் பண்ணிட்டார். கமென்ட்ல "சும்மா இருந்தேன், போட்டுட்டேன்"னு ஒரு ஸ்மைலி.

அரைத்தூக்கம்

அந்த சீனியர் மாதிரி வேலையை நானும் பண்ணியிருக்கேன். ஒத்துக்கிறேன். ஒரு வரி மாத்த ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்க ரெண்டு மணி நேரம், நானே மாத்த ரெண்டு நிமிஷம். ராத்திரி பதினொண்ணரைக்கு எதைத் தேர்ந்தெடுப்பேன்னு நினைக்கிறீங்க?

தொகுப்பாளன்7

நூலிழை கேட்ட கேள்விக்கு எங்க நாலு பேர்கிட்டயும் பதில் இல்ல. அதனால நேத்து ஒரு விர்ச்சுவல் மெஷின்ல டெபியன் 12ங்கிற லினக்ஸைப் புதுசாப் போட்டு, ரீட்மியை மட்டும் பார்த்து, மனசுல இருந்து எதையும் சேர்க்காம செஞ்சு பார்த்தேன்.

முதல் ரெண்டு படி ஓகே. மூணாவது படி "பிப் இன்ஸ்டால்", பைத்தான் பேக்கேஜ் போடற கட்டளை. அங்கேயே நின்னுடுச்சு. "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு ஒரு பத்தி நீள எரர். டெபியன் 12 வந்தது 2023ல. அதுலேர்ந்து, சிஸ்டம் பைத்தானுக்குள்ள பிப் நேரா எதையும் போட விடறதில்ல. தனியா ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கு, இல்லேன்னா அதைத் தானே உருவாக்கிப் போடற பைப்எக்ஸ் வழியாப் போடுங்குது. எங்க ரீட்மில அந்த வரியைக் கடைசியாத் தொட்டது 2021ல. எங்க நாலு பேர் மெஷின்லயும் எல்லாம் எப்பவோ செட் ஆகி இருக்கிறதால ஒருத்தருக்கும் தெரியல.

இன்னும் மோசம். எங்க டிஸ்கார்டு சேனல்ல தேடினேன். இதே எரரை ஒன்பது பேர் கேட்டிருக்காங்க. அதுல ஆறு பேருக்கு எங்க ஆளுங்களே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"ங்கிற ஆப்ஷனைச் சேர்த்துப் போடுங்கன்னு பதில் சொல்லியிருக்கோம். அதாவது, எதை உடைக்கக் கூடாதுன்னு டெபியன் பூட்டு போட்டுதோ அதை உடைக்கச் சொல்லியிருக்கோம். அந்த ஆறுல ரெண்டு என் பதில்.

சின்னதா ஒண்ணு, கட்டளைக்கு முன்னால டாலர் குறி போட்டிருக்கோம். காப்பி பண்ணி ஒட்டினா அதுவும் சேர்ந்து வந்து, "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு திட்டுது.

கருந்திரை

மூணாவது படி உங்க தப்பு. சரி.

ஆனா அந்த எரர்லயே என்ன பண்ணணும்னு வரி வரியா எழுதியிருக்கு. நீங்களே சொல்றீங்க, பத்தி நீளம்னு. அதைப் படிச்சிருந்தா இஷ்யூவே தேவையில்ல. படிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதையும் பாதி வெட்டி அனுப்பினவரை நான் எப்படி வரவேற்கிறது, ஆரத்தி எடுத்தா?

நூலிழை

அந்தப் புதியவர் இடத்தில் இருந்து பாருங்கள். ப்ராஜெக்டை உருவாக்கியவர்களே எழுதிய பக்கம் "இதைச் செய்" என்கிறது. இயந்திரம் "செய்யாதே" என்கிறது. அவர் யாரை நம்புவார்? எழுதியவர்களைத்தான். அதனால்தான் உங்களிடம் வந்தார். நீங்கள் திரும்ப அதே பக்கத்துக்கு அனுப்பினீர்கள்.

எரரைப் படிக்கும் பழக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்கு, எரர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் 2016இல் தன் எரர் வடிவத்தையே மாற்றியது. தப்பு எந்த எழுத்தில் என்று கோடிட்டுக் காட்டுகிறது, பல இடங்களில் இப்படி மாற்றிப் பார் என்று சொல்கிறது. பைத்தானும் 3.10இலிருந்து, பெயரைத் தப்பாக அடித்தால் "இதைச் சொல்ல வந்தீர்களா" என்று கேட்கிறது. இதையெல்லாம் வழவழப்பு என்று யாரும் சொல்வதில்லை. பராமரிப்பு என்கிறார்கள். ரீட்மிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

டிஸ்கார்டில் ஒன்பது பேர் கேட்டார்கள் என்பது கூட எனக்குப் பெரிதில்லை. அங்கே சொன்ன பதில் எந்தத் தேடுபொறியிலும் அகப்படாது. பத்தாவது ஆள் கேட்டே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அவரைப் போய் "தேடிப் பார்த்தீர்களா" என்று கேட்கிறோம்.

அரைத்தூக்கம்

இது எனக்கு உறைக்குது. நான் சேனல்ல பதில் சொல்லிச் சொல்லி ஓயறேன்னு புலம்பறேனே, அதுல பாதி, ஒரே பதில்.

என்கிட்ட ஒரு டெம்ப்ளேட் இருக்கு. இஷ்யூ போடணும்னா பதினாலு கேள்விக்குப் பதில் சொல்லணும். கோபத்துல ஒரு ராத்திரி போட்டது. அதுக்கப்புறம் இஷ்யூ குறைஞ்சுது, ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஓரத்தில்_ஒருவன் சொன்னதைப் படிச்ச பிறகு அது ஜெயிச்சதான்னு சந்தேகமா இருக்கு. எந்த வெர்ஷன், என்ன கட்டளை, முழு எரர் எழுத்தா. மூணு போதும்.

கருந்திரை

அப்ப விதியை இப்படி எழுதுங்க. ஒரே கேள்வி மூணாவது தடவை வந்தா, பதில் சொல்றவர் டாக்குமென்ட்ல ஒரு வரி திருத்தாம இஷ்யூவை மூடக் கூடாது. அளக்கலாம், சரிபார்க்கலாம். "அன்பா பேசு"ன்னு விதி எழுதாதீங்க. அன்பை எதை வெச்சு அளப்பீங்க? எனக்குச் சுருக்கமாப் பேசத்தான் வரும். அதுக்காக நான் கெட்டவன் இல்ல.

நூலிழை

முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். இரண்டாம் பாதியை இல்லை. அதே 2017 சர்வேயில் 18% பேர் தாங்களே மோசமான நடத்தைக்கு ஆளானதாகச் சொன்னார்கள், பாதிப் பேர் பிறருக்கு நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பார்த்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஒருவருக்கு எழுதும் பதிலைப் பேசாமல் படித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர்.

சுருக்கம் எனக்கும் பிடிக்கும். "மூன்றாவது படி பழசாகிவிட்டது, பைப்எக்ஸ் வழியாகப் போடுங்கள்." இதுவும் ஒத்தை வரிதான்.

கருந்திரை

அந்த வரியை எழுத, மூணாவது படி பழசுன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் என் விதி. சரி, விடுங்க, இதுல நாம ஒத்துப் போக மாட்டோம்.

தொகுப்பாளன்7

ஒத்தை வரி விதியைக் கைவிட்டாச்சு. கருந்திரை சொன்ன மூணாவது தடவை விதியை எங்க குழுவுல வெச்சேன். மூடின ஆளே முதல்ல கை தூக்கினார், அதுதான் ஆச்சரியம்.

இஷ்யூவைத் திரும்பத் திறந்து இப்படி எழுதினேன்: "எங்க ரீட்மியில் மூணாவது படி தப்பு. நீங்க செஞ்சது சரி. இப்போ மாத்தியிருக்கோம், நேரம் இருந்தா ஒரு தடவை பாருங்க." இன்னும் பதில் வரல.

கருந்திரை

ஒரு நாள்தானே ஆச்சு. அந்த டாலர் குறியை எடுத்தீங்களா?

தொகுப்பாளன்7

இன்னும் இல்ல. பதினேழு இடத்துல இருக்கு.

கருந்திரை

லிங்க் குடுங்க. நான் எடுத்துட்டுப் புல் ரிக்வெஸ்ட் போடறேன்.

அரைத்தூக்கம்

தொகுப்பாளரே, பார்த்து ரிவ்யூ பண்ணுங்க. உங்க ப்ராஜெக்டுக்கு அவர் புதுசு. மனசு நொந்துடப் போறார் :)

தொகுப்பாளன்7

வாங்க வாங்க. பங்களிப்பு வழிகாட்டியை மட்டும் ஒரு தடவை படிச்சிட்டு வாங்க, லிங்க் ரீட்மி கடைசியில இருக்கு :)

கருந்திரை

போனேன். அந்த லிங்க் வேலை செய்யல.